இரண்டாவது லைன்

பிரிட்ஜின் மேல், ரொட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புப் பெட்டியை வைத்துவிட்டு, டேமியன் இரண்டடி பின்னால் வந்து நின்று அழகு பார்த்தான்.

"ஒரு நிமிஷம் நில்லு லியோனி. இதைப் பாத்துட்டு அப்புறம் போ."

லியோனி பாதி தின்ற டோஸ்ட்டோடு நின்றாள். மேசையில் அவளுடைய அப்பா கெல்வின், தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு மருமகனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கெல்வினுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் பாதியைப் பிடித்துவிடுவார். மீதியை முகத்தைப் பார்த்து ஊகிப்பார். டேமியன் தாடி வளர்த்ததிலிருந்து அந்தப் பாதியும் கால்வாசியாகிவிட்டது.

வெளியே மழை. தீவின் மேற்குக் கரையில் இருக்கும் சுரங்க ஊரான ஜீஹானில் அதெல்லாம் யாரும் சொல்லிக்கொள்கிற விஷயமில்லை. ஈர விறகு அடுப்புக்குள் முனகிக்கொண்டு கிடந்தது.

"சுவத்துலேர்ந்து வர்ற பழைய லைன் இதுல," என்று டேமியன் ஒரு வயரைத் தொட்டான். "சிம் போட்ட மோடம் இதுல. ரெண்டும் வேற வேற கம்பெனி. பழைய லைன் செத்துப்போச்சுன்னா பெட்டியே சிம்முக்கு மாத்திடும். நீ கதவைத் திறந்து என்னைக் கூப்பிட வேண்டாம். நான் ஓடி வந்து எதையும் பிடுங்கிச் சொருக வேண்டாம்."

"எங்க வாங்கினே?"

"குப்பைக் கிடங்குக் கடையில. எவனோ தூக்கிப் போட்டுட்டுப் போயிருக்கான். உள்ளே இருக்கிற மென்பொருளை மட்டும் நான் மாத்தினேன்."

மேசை மேல் டேப்லெட்டில் காலைச் செய்தி நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. டேமியன் பழைய லைனின் வயரைப் பிடுங்கினான். வரைபடத்தின் முன்னால் நின்ற வானிலைக்காரி, மேற்குக் கரையைக் காட்டக் கையை நீட்டியபடி, வாய் திறந்தபடி, அப்படியே உறைந்துபோனாள். மூன்று பேரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவள் கையை இறக்கி, நாளைக்கும் மழைதான் என்றாள்.

கெல்வின் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினார். காது கேளாதவர்களின் கைதட்டல் அது. டேமியன் முகம் மலர்ந்தது. உடனே கெல்வின் மகள் பக்கம் திரும்பி, கைகளைத் தாழ்த்தி வேகமாகச் சைகையில் சொன்னார்: "பதினஞ்சு வருஷமா இவன் கையில ஒரு வார்த்தை உருப்படியா வரல. டப்பான்னா மட்டும் விரல் எப்படி ஓடுது பாரு."

"என்ன சொல்றாரு?" என்று டேமியன் கேட்டான்.

"பிரமாதம்ங்கறாரு."

வீட்டில் மொழிபெயர்க்கும்போது லியோனி கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பாள். வேலையில் ஒருபோதும் சேர்த்ததில்லை.

அந்த வேலையில்தான் போன வாரம் இடி விழுந்தது. ஒரு காது கேளாத அம்மாளுக்குக் கண் மருத்துவர் விவரம் சொல்லிக்கொண்டிருக்க, வீடியோ வழியே லியோனி அதைச் சைகையில் சொல்லிக்கொண்டிருந்தபோது லைன் செத்துவிட்டது. இது முதல் தடவையும் அல்ல. மொழிபெயர்ப்பாளர்களை அனுப்பும் நிறுவனம் மரியாதையாக ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டது: இன்னொரு முறை இப்படி ஆனால் மருத்துவமனை வேலைகள் அவளுக்கு வராது. சுரங்கத்தில் ஆட்குறைப்பு செய்தபோது டேமியன் வீட்டுக்கு வந்தவன்தான். அதிலிருந்து மூன்று பேருக்கும் அவளுடைய கைகள்தான் சோறு போடுகின்றன. செயற்கைக்கோள் வழியே வரும் நல்ல இணைய இணைப்பு வைக்க வசதியில்லை. அதனால்தான் இந்தக் குப்பைக் கிடங்குப் பெட்டி.

லியோனி டோஸ்ட்டைத் தட்டில் வைத்தாள்.

"போன வாரம் யாரும் வயரைப் பிடுங்கலையே," என்றாள்.

"என்ன?"

"லைன் போனப்ப நான் வந்து பாத்தேன். மோடத்துல எல்லா விளக்கும் பச்சையா எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஆனா எதுவும் வரல. அப்படி ஆனா இது மாறுமா?"

டேமியன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தாடியைச் சொறிந்தான்.

"மாறாது," என்றான் மெதுவாக. "இது மோடம் உயிரோட இருக்கான்னு மட்டும்தான் பாக்குது. அதுக்கு அந்தப் பக்கம் உலகம் இருக்கான்னு பாக்கல." நாற்காலியை இழுத்து உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். "வெளியே ஒரு முகவரியை விடாம தட்டிப் பாத்துக்கிட்டே இருன்னு சொல்லணும். பதில் வரலேன்னா மாறிடுன்னு சொல்லணும். நீ போ. மத்தியானத்துக்குள்ள பண்ணிடறேன்."

காலையில் அவளுக்கு இரண்டே வேலைகள். ஒருவருக்குப் பல் மருத்துவர். இன்னொருவருக்கு வாடகை வீட்டுக்காரரோடு தகராறு. இரண்டும் சிக்கலில்லாமல் முடிந்தன. இடைவேளையில் அவள் சமையலறைக்கு வந்தபோது டேமியன் சுவரிலிருந்த தொலைபேசிக் கம்பியையே கழற்றிவிட்டிருந்தான். மோடத்தில் விளக்குகள் எரிந்தன, பின்னால் ஒன்றுமில்லை. பெட்டி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிம்முக்கு மாறியது.

அவன் மாமனாருக்கும் சொல்ல ஆசைப்பட்டு, எழுந்து நின்று தனக்குத் தெரிந்த சைகையில் கைகளை அசைத்தான்.

கெல்வின் குழம்பிப்போய் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளிடம் கேட்டார்: "எல்லாம் முடிஞ்சுது, இனிமே சூப் இல்லேங்கறான். என்ன சூப்?"

லியோனி சிரித்துவிட்டாள். "பயமில்லேன்னு சொல்ல வந்தியா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"அப்படித்தானே சொன்னேன்."

அன்றைக்கு அவள் சிரித்தது அதுதான்.

லியோனியின் வேலை அறை ஒரு காலத்தில் துணி துவைக்கிற இடமாக இருந்தது. சுவரில் கருநீலத் துணி. கை தெளிவாகத் தெரிய அவள் எப்போதும் கறுப்புச் சட்டைதான் போடுவாள். கதவின் பிடியில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் வீடு தீப்பற்றினாலொழிய யாரும் திறக்கக் கூடாது. உள்ளே கேட்டதை வெளியே சொல்லவும் கூடாது. அது தொழிலின் சட்டம். கணவனிடமும் சொல்லக் கூடாது, அப்பாவிடமும் கூடாது.

இந்தத் தொழிலுக்கு அவள் யார் சொல்லியும் வரவில்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவுக்கு அவள்தான் காது. வங்கியில், பள்ளிக்கூடத்தில், போலீஸ்காரர் காரை நிறுத்தும்போது. அவளுக்கு ஒன்பது வயதானபோது அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். மருத்துவர் குனிந்து, அதை அவளிடம்தான் சொன்னார். அவள் திரும்பி அப்பாவிடம் சொன்னாள். பெரியவளான பிறகு, எந்தப் பிள்ளையும் அப்படி ஓர் அறையில் நிற்கக் கூடாது என்று நினைத்துத்தான் இந்தப் படிப்பைப் படித்தாள். வேலைக்கான நேர்காணலில் இதைச் சொன்னபோது எதிரே இருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அதே கதை.

மதியச் சாப்பாடு முடிந்த கொஞ்ச நேரத்தில் அவசர அழைப்பு வந்தது. கடலுக்கு அப்பால், பெருநிலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி.

திரையில் சின்ன அறை. நரைத்த தலையோடு ஒரு பெண் மருத்துவர், பக்கத்தில் ஒரு நர்ஸ். எதிரே நாற்காலி நுனியில் ஒரு மனிதர். கட்டட வேலைக்குப் போகிறவர் போடும் ஆரஞ்சு நிறச் சட்டை, முழங்கையில் சுண்ணாம்புத் தூள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை, பையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதிருக்கும்.

"அந்தப் பொண்ணு அவரோட மகளா?" என்று லியோனி நர்ஸிடம் கேட்டாள். "கதவைச் சாத்திடுங்க. என் கை தெரிஞ்சா அவளுக்கு எல்லாம் புரிஞ்சிடும்."

நர்ஸ் கதவைச் சாத்தினாள். லியோனி தன் பெயரைச் சொல்லி, அந்த மனிதருக்கு வணக்கம் சொன்னாள். அவர் பதில் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "என் மனைவி எப்படி இருக்கா? காலையிலேர்ந்து எல்லாரும் எழுதி எழுதிக் காட்டுறாங்க. எனக்கு எழுத்து சரியா வராது. கேளு," என்றார்.

மருத்துவர் நல்ல மாதிரி. திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துப் பேசினார். அவசரப்படவில்லை.

"உங்க மனைவிக்கு மூளையில ரத்தம் கசிஞ்சிருக்கு. ரொம்ப அதிகமா. ஆபரேஷன் பண்ணலாமான்னு பாத்தோம். பண்ணிப் பிரயோஜனமில்லேன்னு ரெண்டு டாக்டரும் சொல்லிட்டாங்க."

லியோனியின் கைகள் ஒரு வாக்கியம் பின்னால் வந்துகொண்டிருந்தன. அந்த மனிதரின் கண்கள் அவள் கைகளை விட்டு நகரவில்லை.

"இதைச் சொல்ல எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு," என்றார் மருத்துவர். "அவங்க இனிமே கண் முழிக்க மாட்டாங்க. இப்ப மெஷின்தான் அவங்களுக்கு மூச்சு விடுது."

லியோனி அதைக் கேட்டாள். மூச்சை இழுத்துக்கொண்டு, கைகளைத் தூக்கி, தெளிவாக, நிதானமாக, முகத்தையும் சேர்த்துக்கொண்டு முழுசாகச் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தாள். அவர் முழங்காலிலிருந்து ஒரு கையைப் பாதி தூக்கியபடி அசையாமல் இருந்தார். மருத்துவரும் அசையவில்லை. நர்ஸின் கண்கள் பாதி மூடியபடி நின்றிருந்தன.

உறைந்த படத்துக்குத்தான் அவள் அதைச் சொல்லியிருந்தாள்.

இணைப்பு இல்லை என்ற வரி வந்தது. சமையலறையில் பெட்டி தன் வேலையைச் செய்தது. அவள் மறுபடி நுழைய அழுத்தினாள். காத்திருக்கவும் என்றது. அந்தப் பக்கம் யாராவது பொத்தானை அழுத்தி அவளை உள்ளே விட வேண்டும். விட்டார்கள்.

அந்த மனிதர் எழுந்து திரைக்கு அருகே வந்திருந்தார். "என்ன சொன்னாங்க? டாக்டர் என்னமோ சொன்னாங்க. வாய் அசைஞ்சுது. நீ காணாமப் போயிட்டே."

"மன்னிச்சுக்கோங்க. லைன் போச்சு. உட்காருங்க," என்று கையால் சொல்லிவிட்டு, வாயால் மருத்துவரிடம் சொன்னாள்: "கடைசியா சொன்னது அவருக்குப் போய்ச் சேரல டாக்டர். மறுபடியும் சொல்லணும்."

மருத்துவர் கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தார். இடுப்பிலிருந்த பேஜர் கூவியது, பார்த்து அணைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"சரி. நான் சொன்னது என்னன்னா..."

படம் மறுபடியும் நின்றது.

சிம்மில் எந்தக் கோளாறும் இல்லை. பழைய லைனுக்குத் திரும்ப உயிர் வந்துவிட்டது. பெட்டி அந்த நொடியே அதற்குத் திரும்பியது. திரும்பும்போது வீடியோவை அறுத்துக்கொண்டு திரும்பியது.

லியோனி அழுத்தினாள். காத்திருக்கவும். மறுபடி அழுத்தினாள். காத்திருக்கவும். அந்தப் பக்கம் பொத்தானை யாரும் தொடவில்லை. அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சாத்திய கதவை நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே விட்டபோது கதவு திறந்திருந்தது.

அந்தப் பெண் பிள்ளை அப்பாவின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். பள்ளிப் பை இன்னும் ஒரு தோளில் தொங்கியது. நர்ஸ் அவள் முதுகில் கை வைத்திருந்தாள். மருத்துவர் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொல்ல, அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு கைகளால் சொன்னாள். கசிவுக்கு அவளுக்குச் சைகை தெரியவில்லை. ரத்தம் என்று மட்டும் கைகளால் சொல்லிவிட்டு, தலையைத் தொட்டுக் காட்டி, நிறைய என்றாள்.

பிறகு சொன்னாள்: "அம்மா எந்திரிக்க மாட்டா. மூச்சு மெஷினோடது. அம்மாவோடது இல்ல."

"டாக்டர், நான் வந்துட்டேன்," என்றாள் லியோனி. "அந்தப் பொண்ணை வெளியே அனுப்புங்க. இனிமே நான் சொல்றேன்."

மருத்துவர் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டீங்களா. அவரேதான் கதவைத் திறந்து இவளைக் கூப்பிட்டாரு. நான் வேண்டாம்னு சொன்னேன். அவருக்கு எப்படிப் புரிய வைக்கறது?"

லியோனி அந்த மனிதரின் கண்ணைப் பிடிக்கக் கையை ஆட்டினாள். இன்னும் பெரிதாக ஆட்டினாள். திரை அறையின் மூலையில் இருந்தது. அவர் ஒரு முறைகூட இந்தப் பக்கம் பார்க்கவில்லை. மகளின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டிருந்தார். இனிமேல் எதுவும் சொல்ல வேண்டாம் என்பதுபோல.

திரையைக் கவனித்தவள் அந்தப் பெண் பிள்ளைதான். அப்பாவின் பிடியிலிருந்து கைகளை மெல்ல விடுவித்துக்கொண்டு லியோனியிடம் கேட்டாள்:

"நான் சொன்னது சரியா?"

லியோனி தலையசைத்தாள். "சரி. சரியாத்தான் சொன்னே. நீ அப்பா பக்கத்துல உட்காந்துக்கோ கண்ணு. மிச்சத்தை நான் சொல்றேன்."

அந்தப் பிள்ளை யோசித்தாள். பிறகு இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்பா என்னைத்தான் பாக்கறாரு," என்றாள்.

மீதியையும் அவளே சொன்னாள். லியோனி கடைசிவரை திரையில் இருந்தாள். லைன் அதற்கப்புறம் ஒரு முறைகூடப் போகவில்லை.

அவள் வெளியே வந்தபோது டேமியன் பிரிட்ஜின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். சுரங்க வேலை போனதிலிருந்து அவன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை.

"பாத்தியா? பழைய லைன் செத்துச்சு. உடனே சிம்முக்குப் போச்சு. திரும்ப வந்ததும் தானாவே திரும்பிடுச்சு. நான் விரலால கூடத் தொடல. இங்கேயே நின்னு விளக்கைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

"ஏன் திரும்புச்சு?"

"என்ன?"

"சிம்முல நல்லாத்தானே இருந்துச்சு. எதுக்குத் திரும்புச்சு?"

"அது மலிவான பிளான். டேட்டா கொஞ்சம்தான். வீணாகக் கூடாதுன்னு, பழைய லைன் வந்த உடனே..." சொல்லிக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "கால் விழுந்துச்சா?"

"ரெண்டு தடவை."

"மாறும்போது ஒரு தடவை விழும். அது எனக்குத் தெரியும். வீடியோ அறுந்துதான் ஒட்டும். அறுபடாம மாத்தணும்னா மாசாமாசம் காசு கட்டணும், அதெல்லாம் பெரிய ஆபீசுக்கு..." 

"ரெண்டாவது தடவையைக் கேக்கறேன்."

டேமியன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்புன்னு சொல்லலாம்," என்றான் கடைசியில். "எத்தனை நிமிஷம்னு போட ஒரு கட்டம் இருக்கு. அதுல நான் சைபர் போட்டேன்."

அவள் பெட்டியின் விளக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாரு லியோனி? என்ன ஆச்சு அங்கே?"

"சொல்லக் கூடாது."

"தெரியும். ஆனா நீ இப்படி நிக்கறப்ப..."

"சொல்லக் கூடாது டேமியன்."

கெல்வின் தரையை ஒரு மிதி மிதித்தார். பலகைத் தரை அதிர்ந்தது. அந்த வீட்டில் ஒருவரைக் கூப்பிடுவது அப்படித்தான். "என்ன நடந்துச்சு? யாராவது எனக்குச் சொல்லுங்க," என்றார்.

லியோனி இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டாள். கெல்வினின் வீட்டில் வளர்ந்தவர்கள் அப்படிச் செய்தால், வேறொரு வீட்டில் கதவை அறைந்து சாத்தியதற்குச் சமம். அவர் அதிர்ந்துபோய் மருமகன் பக்கம் திரும்பினார்.

டேமியனுக்கு வேறு வழியில்லை. கைகளைத் தூக்கினான். "லைன்," என்றான். விரலில் இரண்டு காட்டினான். விழுவதைக் காட்டினான். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, தப்பு என்பதற்குச் சைகை தெரியாமல், எழுத்து எழுத்தாக விரலில் போட ஆரம்பித்தான். நடுவில் ஓர் எழுத்து மறந்துபோய்த் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கினான். கெல்வின் அவசரப்படுத்தாமல் கடைசி எழுத்துவரை பார்த்தார். இந்தத் தடவை அவர் கிண்டல் செய்யவில்லை.

பிறகு மகளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்த முகத்தை அவர் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறார்.

"அந்த ரூம்ல ஒரு பிள்ளை இருந்துச்சா?" என்று கேட்டார்.

அவள் கைகள் அக்குளிலேயே இருந்தன. அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். கைகள் மடியில் கொஞ்சம் அசைந்து நின்றன. பிறகு சின்னதாக, மேசைக்குக் கீழேயே வைத்துச் சொன்னார்:

"அன்னிக்கு நான் வேற யாரைக் கூப்பிடுவேன் லியோனி? எனக்கு யாரு இருந்தா?"

டேமியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அப்பா என்ன சொல்றாரு?" என்றான்.

யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அவன் லேப்டாப்பைத் திறந்து அந்தக் கட்டத்தைத் தேடி, சைபரை அழித்துவிட்டு வேறு எண் போட்டான். சேமித்தான். மூடினான். செய்து முடிக்க அவ்வளவு நேரமே ஆகாது என்பதுதான் அவனை என்னவோ செய்தது. திரும்பவும் திறந்து, சரியாகச் சேமித்திருக்கிறதா என்று பார்த்தான்.

"கம்பெனியிலேர்ந்து கூப்பிடுவாங்க," என்றான். "நான் பேசறேன். என் தப்புன்னு சொல்றேன். உன்னை வேலையிலேர்ந்து எடுக்க வேண்டாம்னு கேக்கறேன்."

"யார்கிட்டயும் நீ எதுவும் கேக்க வேண்டாம்."

கெல்வின் எழுந்து மழையிலேயே விறகு எடுக்கப் போனார். விறகை எடுத்துக்கொண்டு உள்ளே வராமல், கொட்டகைக்கு வெளியே நனைந்துகொண்டு நின்றார். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. லியோனி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். போய் உள்ளே கூட்டிவர வேண்டும் என்று தோன்றியது. போனால் கையை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

இருட்டத் தொடங்கும்போது கைப்பேசி அடித்தது. நிறுவனத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் பெட்ரினா. டேமியன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான். கெல்வின் ஈரச் சட்டையோடு வாசலுக்கு வந்து, மகளின் உதட்டைப் பார்த்தபடி நின்றார்.

"லியோனி, மத்தியானம் அந்த ஆஸ்பத்திரி வேலை," என்று ஆரம்பித்தாள் பெட்ரினா. "லைன் போச்சாமே."

"ஆமா. ரெண்டு தடவை."

"சரி, கவலைப்படாதீங்க. அவங்க அனுப்பின குறிப்புல, குடும்ப உறுப்பினர் உதவியோட பேச்சு முடிஞ்சுதுன்னு போட்டிருக்காங்க. புகார் எதுவும் இல்ல. அதனால உங்க பேர்ல இது ஏறாது."

லியோனிக்கு முதலில் புரியவில்லை. "ஏறாதா?"

"இல்ல. வேலை முடிஞ்சுதுன்னுதானே கணக்கு. மருத்துவமனை வேலையெல்லாம் வழக்கம்போல உங்களுக்கு வரும்."

டேமியனுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு கேட்கவில்லை. அவள் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். அவள் கட்டைவிரலைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். அவன் சுவரிலேயே சரிந்து உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்புறம், நாளைக் காலையிலயும் அதே குடும்பம்," என்றாள் பெட்ரினா. "மெஷினை நிறுத்தப் போறாங்களாம். அப்போ டாக்டர் படுக்கை பக்கத்துல நின்னு அவர்கிட்ட பேசணும். உங்க பேரைப் போட்டுட்டேன். லைன் மறுபடியும் தகராறு பண்ணுமோன்னு பதற வேண்டாம். அந்தப் பொண்ணும் அங்கேதான் இருப்பா. ரொம்ப நல்லா பண்ணினாளாம், நர்ஸ் சொன்னாங்க. உங்க பக்கம் ஏதாவது ஆச்சுன்னா அவ பாத்துக்குவா."

லியோனி கைப்பேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அந்தப் பொண்ணு ரூம்ல இருந்தா நான் வர மாட்டேன் பெட்ரினா. அதை அவங்களுக்குச் சொல்லுங்க. வேற ஆளை நேர்லயே அனுப்பச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"வேற ஆள் இல்ல லியோனி. உங்களைக் கூப்பிடறதுக்கு முன்னாடி எல்லாரையும் கேட்டுட்டேன்," என்றாள் பெட்ரினா. அவள் குரலில் மிரட்டல் இல்லை. நாள் முழுக்கப் பேசிய களைப்புதான் இருந்தது. "நீங்க வரலேன்னா, அவ மட்டும்தான் இருப்பா."